மந்திர நூல்களுக்கு ஒரு அலுமாரி: கேள்வி பதில்

மந்திரம், மாந்திரீகம், பேயோட்டல் பற்றி வீட்டிலேயே ஒரு சிறு நூலகம் சேர்க்க நினைப்பவர்கள் வாசகர் வட்டத்தில் எழுதிக் கேட்டவையும் என் பதில்களும்.

ஹட்டனிலிருந்து: அண்ணே, மாதத்துக்கு ஒரு புத்தகம் வாங்கவே கை கடிக்கும். ஆங்கிலம் ஓரளவு வாசிப்பேன். எதில் தொடங்கலாம்?

முதல் இரண்டுக்குக் காசே வேண்டாம் தம்பி. பதிப்புரிமை முடிந்தவை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒன்று, எட்கர் தேர்ஸ்டன் 1912இல் வெளியிட்ட 'ஓமன்ஸ் அண்ட் சூப்பர்ஸ்டிஷன்ஸ் ஒஃப் சதர்ன் இந்தியா'. நம் பாட்டன் பாட்டி திருச்சி, சேலம், மதுரைப் பக்கமிருந்து இலங்கை மலையகத் தோட்டங்களுக்கு மலையேறி வந்தபோது கூடவே கொண்டுவந்த சகுனம், கண்ணேறு, நேர்த்திக்கடன், செய்வினை எல்லாம் அதில் இருக்கின்றன. ஆள் சென்னை அரும்பொருட்காட்சியகத்தை நடத்திய வெள்ளைக்கார அதிகாரி. சில இடங்களில் மனிதர்களையும் காட்சிப்பொருள் போலத்தான் பார்க்கிறார். தகவலை எடுத்துக்கொண்டு தோரணையை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, ஜேம்ஸ் ஃப்ரேசரின் 'த கோல்டன் பௌ'. பன்னிரண்டு தொகுதிகளோடு மல்லுக்கட்டாதீர்கள், 1922இல் வந்த ஒற்றைத் தொகுதிச் சுருக்கம் போதும். மந்திரத்துக்கு அவர் இரண்டு விதி சொல்கிறார்: ஒன்றைப் போலச் செய்தால் அதுவே நடக்கும், ஒருமுறை தொட்டது எப்போதும் தொடர்பில் இருக்கும். செய்வினைக்காரர் மாவில் பொம்மை பிடிப்பது முதல் விதி. ஆளின் தலைமுடியையும் காலடி மண்ணையும் தேடித் திரிவது இரண்டாவது. மந்திரம் வளர்ந்து மதமாகி, மதம் வளர்ந்து விஞ்ஞானமானது என்ற அவருடைய ஏணியை மட்டும் இன்று யாரும் அவ்வளவாக நம்புவதில்லை.

காசு கொடுத்து வாங்கும் முதல் புத்தகம் எவன்ஸ் பிரிச்சார்ட் 1937இல் ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களைப் பற்றி எழுதியதாக இருக்கட்டும். 1976இல் வந்த சுருக்கப் பதிப்பு மலிவு. அதில் ஒரு தானியக் களஞ்சியம், நிழலுக்கு ஒதுங்கியிருந்தவர்கள் மேல் சரிந்து விழுகிறது. தூணைக் கறையான் அரித்தது அவர்களுக்கும் தெரியும். ஆனால் இவர்கள் கீழே இருந்த அந்த நேரத்தில் ஏன் விழ வேண்டும்? அதற்குத்தான் சூனியம் பதில். மழையில்தான் மண் சரிந்தது என்று தெரிந்துகொண்டே, ஏன் எங்கள் லயத்தின் (தோட்டத்து வரிசை வீடுகளின்) மேல் என்று கேட்கிறவர்களை நமக்குத் தெரியாதா?

தலவாக்கலையிலிருந்து ஓர் ஆசிரியை: இலங்கையைப் பற்றி ஏதாவது உண்டா?

நிறைய இருக்கிறது டீச்சர், ஆனால் பெரும்பாலும் தென்பகுதிச் சிங்களவரைப் பற்றி. போல் விர்ஸ் 1954இல் எழுதியது பேயோட்டல், வைத்தியம் பற்றிய பழைய தகவல் சுரங்கம். புரூஸ் கப்ஃபெரர் 1983இல் எழுதிய 'எ செலிப்ரேஷன் ஒஃப் டீமன்ஸ்' தொவில் என்ற பேயோட்டும் சடங்கை இரவு முழுக்கக் கூடவே இருந்து பார்ப்பது மாதிரி எழுதப்பட்டது. கொஞ்சம் கடினமான நடை. கணநாத் ஒபேசேகரவின் 'மெடூசாஸ் ஹெயார்' (1981) கதிர்காமத்துச் சடைமுடி அடியார்களைப் பற்றியது. மூன்றில் ஒன்றுதான் என்றால் இதையே சொல்வேன்.

நம்மவர்களைப் பற்றி என்றால் அலுமாரியில் பெரிய ஓட்டை. தொழிற்சாலை இயந்திரத்துக்குக் காவலான ரோதமுனி, தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் காலத்தில் கும்பிடும் கவ்வாத்துசாமி, கோடாங்கியின் உடுக்கு, இவையெல்லாம் கட்டுரைகளிலும் விழா மலர்களிலும் சிதறிக் கிடக்கின்றன. நூலகம் நிறுவனத்தின் மின்நூலகத்தில் 'மலையகம்' என்று தேடுங்கள். கிடைப்பதை அச்செடுத்து ஒரு கோப்பில் போடுங்கள், அதுவும் புத்தகம்தான்.

மஸ்கெலியாவிலிருந்து: திருவிழாக் கடையில் வசியம், மாரணம் என்று சின்னப் புத்தகங்கள் விற்கிறார்களே. வாங்கலாமா? செய்து பார்க்கலாமா?

வாங்கலாம். செய்ய வேண்டாம்.

வாங்கச் சொல்வதற்குக் காரணம், மற்றவர்கள் மந்திரத்தை வெளியே நின்று எழுதியவர்கள். இவை உள்ளே இருப்பவர்களின் சரக்கு. வசியம் தொடங்கி ஆளைக் கொல்லும் மாரணம் வரை எட்டுக் கருமங்களை எப்படி வகுத்தார்கள், எதற்கு எந்தத் திசை, எந்த மூலிகை, எந்தச் சக்கரம் என்பதெல்லாம் இருக்கும். ஆனால் சித்தர் பெயரில் வரும் பாடல்கள் பரிபாஷையில் இருப்பவை. ஒரு மூலிகைப் பெயர் வேறொன்றைக் குறிக்கும், குருவிடம் கேட்டால்தான் விளங்கும். பாதரசம், பாஷாணம், ஊமத்தை என்று வரும் பக்கங்களைப் படிப்பதோடு நிறுத்துங்கள். மூடிய லய அறையில் பாதரசத்தைச் சூடாக்கினால் அந்த ஆவியே ஆளைக் கொல்லும், மாரணம் ஓத வேண்டியதில்லை.

டிக்கோயாவிலிருந்து: திருமந்திரம் இந்த அலுமாரிக்குப் பொருந்துமா?

நான்காம் தந்திரத்தில் மந்திரமும் சக்கரமும் உண்டு, மூன்றாவதில் அட்டமாசித்தி. ஆனாலும் அது சைவ நூல். மாந்திரீகம் தேடி வாங்கினால் ஏமாறுவீர்கள், வேறு காரணத்துக்காக வாங்குங்கள். உரையுள்ள பதிப்பாகப் பாருங்கள்.

பதுளையிலிருந்து: இதெல்லாம் பித்தலாட்டம் என்று சொல்கிற புத்தகம் ஒன்றும் இல்லையா மாமா?

அந்தத் தட்டு இல்லாமல் அலுமாரி நொண்டும் மருமகனே. கேரளத்தில் பிறந்து இலங்கையில் தாவரவியல் படிப்பித்த ஏபிரகாம் கோவூரின் 'பிகோன் கோட்மென்' (1976) கட்டாயம். மோசடிக்கு இடமில்லாத சோதனையில் அற்புதம் காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறைகூவியவர் அவர். அப்புறம் ரெஜினால்ட் ஸ்கொட் 1584இல் எழுதிய நூல். சூனியக்காரி என்று ஏழைக் கிழவிகளைத் தண்டிப்பதைப் பொறுக்காமல் எழுதியவர், போகிற போக்கில் தலையைத் துண்டித்துத் தட்டில் வைத்துக் காட்டும் வித்தை எப்படி என்பதையும் படத்தோடு போட்டுவிட்டார். பழைய ஆங்கிலம் பல்லை உடைக்கும். அந்த வித்தை அத்தியாயங்களை மட்டும் வாசித்தாலும் போதும்.

நுவரெலியாவிலிருந்து: வாங்குவது கிடக்கட்டும் அண்ணே, பூஞ்சணம் பிடிக்கிறதே!

அலுமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். அந்தச் சுவர்தான் குளிர்ந்து வியர்க்கும். உள்சுவரோரம், நாலு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். புத்தகங்களை இறுக்கி அடுக்க வேண்டாம், பொலித்தீன் பையில் கட்டவும் வேண்டாம். ஈரம் உள்ளேயே நிற்கும். பனி விலகி வெயில் வந்த நாளில் கதவைத் திறந்து விடுங்கள், ஆனால் புத்தகத்தை நேர் வெயிலில் காயப்போட்டால் அட்டை வளையும். ஏற்கெனவே பூத்ததை வாசலில் வைத்து, மூக்கைக் கட்டிக்கொண்டு, உலர்ந்த மென்தூரிகையால் தட்டுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது. திருவிழாக் கடைப் புத்தகங்களின் தாள் மட்டமானது, முதலில் பூப்பது அதுதான். அவற்றைத் தனித் தட்டில் வைத்துவிடுங்கள்.