மறு: ஹெச்ஆர் ரிப்போர்ட்டை நிர்வாகம் கண்டுகொள்வதே இல்லை

இருபது அளவீடுகள் போட்டு மாதாமாதம் ரிப்போர்ட் அனுப்பியும் நிர்வாகம் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அட்ரிஷன் (வேலையை விட்டுப் போகிறவர்களின் விகிதம்) 18% என்று மொட்டையாகச் சொன்னால் அதை வைத்து அவர்கள் என்னதான் முடிவெடுப்பார்கள்?

முதலில் இந்த வருடம் கம்பெனி எதைச் சாதிக்கப் பார்க்கிறது என்று கேளுங்கள். புதிய கிளை திறப்பதுதான் திட்டம் என்றால், ஒரு விற்பனையாளரை வேலைக்கு எடுக்க எத்தனை நாள் ஆகிறது, வந்தவர் முழு டார்கெட்டை எட்ட எத்தனை மாதம் ஆகிறது, இந்த இரண்டையும் கூட்டி, கிளை திறக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஆளெடுப்பை எப்போது தொடங்க வேண்டும் என்று நீங்களே தேதி சொல்லிவிடலாம், அந்தத் தேதியை யாரும் படிக்காமல் விடமாட்டார்கள்.

அப்புறம் அந்த அட்ரிஷனை உடைத்துப் பாருங்கள். சுமாராக வேலை செய்தவர் போவதும் நல்ல ஆள் போவதும் ஒரே கணக்கில் வரக்கூடாது. முதல் வருடத்துக்குள்ளேயே விலகுகிறவர்களைத் தனியாக எடுங்கள். அது அதிகமென்றால் ஆளெடுப்பிலோ முதல் மேலாளரிடமோ கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். பயிற்சி மணிநேரக் கணக்கெல்லாம் பக்கத்தை நிரப்பத்தான், தூக்கிவிடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: 10 பேர் உள்ள டீமில் 2 பேர் போனாலே 20% ஆகிவிடும், அங்கே சதவீதம் போடாமல் ஆள் எண்ணிக்கையையே எழுதுங்கள்.