கொரோனாவின் முதல் மாதங்களில் தினம் ஒரு எண், தினம் ஒரு அறிவுரை வந்ததே, அதையெல்லாம் எப்படிப் படித்திருக்க வேண்டும்?

கேள்வி கேட்டவரின் ஆதங்கம் இதுதான்: 2020 ஜனவரியிலிருந்து ஜூன் வரை நேற்று சொன்னது இன்று மாறிக்கொண்டே இருந்தது. ஏமாற்றினார்களா, இல்லை நமக்குத்தான் படிக்கத் தெரியவில்லையா? இன்னொரு தொற்று வந்தால் சாதாரண ஆள் எதைப் பார்ப்பது?

அப்பட்டமான பொய்களும் நிறையவே உலவின. 5ஜி கோபுரம், வெந்நீர் வைத்தியம் போன்றவற்றைப் பற்றிப் பேச எதுவும் இல்லை. என் கணிப்பில் அதைவிட அதிகமான குழப்பம் சரியான எண்களால்தான் வந்தது. ஒவ்வொரு எண்ணும் ஏதோ ஒரு குறிப்பிட்ட கேள்விக்குப் பதில். அந்தக் கேள்வி என்ன என்று பார்க்காமல், நம் மனதில் இருந்த கேள்விக்கு அதைப் பதிலாக எடுத்துக்கொண்டோம்.

தினசரி எண்ணிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். "இன்று புதிதாக 500 பேருக்குத் தொற்று" என்றால் இன்று 500 பேருக்குக் கிருமி தொற்றியது என்று அர்த்தம் இல்லை. தொற்றி அறிகுறி தெரியச் சராசரியாக 5 நாள். சாதாரணக் காய்ச்சல்தானே என்று இருந்துவிட்டுப் பரிசோதனைக்குப் போக இன்னும் இரண்டு மூன்று நாள். மாதிரி ஆய்வகத்துக்குப் போய், முடிவு வந்து, பட்டியலில் ஏற இன்னும் சில நாள். ஆக, மாலைச் செய்தியில் வரும் எண் ஏறக்குறைய 10 முதல் 14 நாளுக்கு முந்தைய நிலவரம். இறப்பு எண்ணிக்கை அதற்கும் பின்தங்கி வரும். அறிகுறி தொடங்கியதிலிருந்து இறப்பு வரை இரண்டு மூன்று வாரம் ஆவது வழக்கம் என்பதால், அது கிட்டத்தட்ட ஒரு மாதம் பழைய சேதி.

இந்தத் தாமதம் தெரியாததால் உலகம் முழுக்க ஒரே தப்பு நடந்தது. ஊரடங்கு போட்ட முதல் இரண்டு வாரமும் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும்; அவர்கள் முன்பே தொற்றியவர்கள். அதைப் பார்த்து "பூட்டியும் பயனில்லை" என்றார்கள். பிறகு தளர்த்திய முதல் வாரம் எண்ணிக்கை ஏறாது. உடனே "திறந்தும் ஒன்றும் ஆகவில்லை" என்றார்கள். இரண்டு முடிவும் ஒரே தாமதத்தின் விளைவு.

இதற்கு ஒரு நல்ல சான்று, வூஹான் நகரம் இருக்கும் சீனாவின் ஹூபேய் மாகாணம். 2020 பிப்ரவரி 13 அன்று அங்கே ஒரே நாளில் கிட்டத்தட்ட 15,000 பேர் கூடியதாக அறிவிப்பு வந்தது. நோய் வெடித்துவிட்டது என்று உலகமே அலறியது. உண்மையில் மாறியது கணக்கெடுக்கும் முறை. அதுவரை ஆய்வகப் பரிசோதனையில் உறுதியானவர்களை மட்டும் எண்ணினார்கள்; அன்றிலிருந்து நுரையீரல் ஸ்கேனையும் அறிகுறிகளையும் வைத்து மருத்துவர் முடிவு செய்தவர்களையும் சேர்த்தார்கள். அறிவிப்புத் தேதியை விட்டுவிட்டு, அறிகுறி தொடங்கிய தேதிப்படி அதே நோயாளிகளை அடுக்கினால், வூஹான் மூடப்பட்ட ஜனவரி 23-ஐ ஒட்டியே உச்சம் வந்து, பிப்ரவரியில் வரைபடம் இறங்கத் தொடங்கியிருந்தது. அதனால் எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது: இது எந்தத் தேதி? தொற்றிய தேதியா, அறிகுறித் தேதியா, அறிவித்த தேதியா? வார இறுதியில் ஆய்வகங்கள் மந்தமாக இயங்கும், திங்கட்கிழமை எண் குறையும், புதன்கிழமை துள்ளும். ஒரு நாள் எண்ணுக்குத் துள்ளாமல், ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்துப் பாருங்கள்.

அடுத்தது இரட்டிப்பு. மொத்த எண்ணிக்கை இன்று எவ்வளவு என்பதைவிட, இதில் பாதி என்றைக்கு இருந்தது என்று பின்னோக்கித் தேடுவது பயனுள்ளது. மூன்று நாளுக்கு முன் பாதி இருந்தால், இரட்டிப்புக் காலம் மூன்று நாள். அப்படியே போனால் 100 பேர் 30 நாளில் பத்து முறை இரட்டித்து 1,02,400 பேர் ஆவார்கள். இரட்டிப்புக் காலம் ஆறு நாளாக நீண்டால், அதே 30 நாளில் 3,200 பேர்தான். நமக்குக் கூட்டல் பழக்கம். பெருக்கல் கண்ணுக்குத் தெரியாது. "வெறும் 100 பேர்தானே" என்ற அலட்சியம் அங்கேதான் பிறந்தது. ஆனால் இந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு. பரிசோதனையை இரட்டித்தால் தொற்று இரட்டிக்காமலேயே எண்ணிக்கை ஏறும். அதனால் நூறு பரிசோதனைக்கு எத்தனை பாசிட்டிவ் என்று கூடவே பார்க்க வேண்டும். பரிசோதனையும் கூடி, அந்தச் சதவீதமும் கூடினால் நோய் நிஜமாகவே பரவுகிறது. சதவீதம் 5-க்குக் கீழே இரண்டு வாரமாவது நிற்க வேண்டும் என்பது 2020 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் காட்டிய அளவுகோல்.

வரைபடத்தைப் பார்க்கும்போது இடப்பக்க அச்சைக் கவனியுங்கள். அது 10, 100, 1000 என்று பத்து மடங்காக ஏறினால், நேர்கோடு என்பது சீரான பெருக்கம். கோடு சற்று வளைந்ததும் நோய் அடங்கிவிட்டது என்று பலர் நினைத்தார்கள். வேகம் மட்டும்தான் குறைந்திருக்கும், தினமும் சேரும் ஆட்களின் எண்ணிக்கை அப்போதும் கூடிக்கொண்டே போகலாம்.

இறப்பு விகிதத்துக்கு வருவோம். மார்ச் 3 அன்று உலக சுகாதார நிறுவனத் தலைவர் 3.4 சதவீதம் என்றார். அதுவரை அறிவிக்கப்பட்ட இறப்புகளை, அதுவரை உறுதியான தொற்றுகளால் வகுத்த எண் அது. கணக்கில் தப்பில்லை. ஆனால் வீட்டிலிருப்பவர் கேட்டது "எனக்கு வந்தால் பிழைப்பேனா" என்பது. அந்தக் கேள்விக்கு இந்த எண்ணில் இரண்டு பிழை, அதுவும் எதிரெதிர்த் திசையில். லேசாக வந்து போனவர்கள் பரிசோதனைக்கே வரவில்லை, அதனால் வகுத்தலில் கீழே உள்ள எண் (தொற்றியவர்கள்) சிறுத்து, விகிதம் பெரிதாகத் தெரியும். அன்று பாசிட்டிவ் ஆன பலருக்கு முடிவு இன்னும் தெரியாது, அதனால் மேலே உள்ள எண் (இறந்தவர்கள்) சிறுத்து, விகிதம் குறைவாகத் தெரியும். தொற்று பரவியதால் 2020 பிப்ரவரியில் ஜப்பானில் தனிமைப்படுத்தப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் என்ற சுற்றுலாக் கப்பலை ஆய்வாளர்கள் பிடித்துக்கொண்டது இதனால்தான். அதில் இருந்தது 3,711 பேர். அறிகுறி இல்லாதவர்களையும் பரிசோதித்ததால் 712 பேருக்குத் தொற்று என்று தெரிந்தது. பரிசோதித்த நேரத்தில் அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எந்த அறிகுறியும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத பாதி எவ்வளவு பெரியது என்று அங்கே புலப்பட்டது. பயணிகளில் முதியவர்கள் அதிகம் என்பதால் அந்தக் கப்பலின் இறப்பு விகிதத்தையும் அப்படியே எல்லாருக்கும் பொருத்த முடியாது. இந்த நோயில் வயதுக்கு வயது ஆபத்து பல மடங்கு மாறும். எல்லா வயதையும் கலந்து சொல்லும் ஒற்றைச் சதவீதம் இருபது வயதுக்காரரையும் எண்பது வயதுக்காரரையும் சேர்த்தே தவறாக வழிநடத்தும்.

அறிவுரைகளில் அதிகம் திட்டு வாங்கியது முகக்கவச விவகாரம். அந்தத் திட்டு நியாயமானது என்றே நினைக்கிறேன். நலமாக இருப்பவருக்கு மாஸ்க் தேவையில்லை என்று முதலில் சொன்னதில் இரண்டு காரணங்கள் கலந்திருந்தன: மருத்துவப் பணியாளர்களுக்கே மாஸ்க் தட்டுப்பாடு, அறிகுறி உள்ளவரே பெரும்பாலும் பரப்புவார் என்ற அனுமானம். முதலாவது பங்கீட்டுப் பிரச்சினை, இரண்டாவது அறிவியல். இரண்டையும் பிரித்துச் சொல்லாததால், அனுமானம் உடைந்தபோது நம்பிக்கையும் சேர்ந்து உடைந்தது. அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே ஒருவர் பரப்ப முடியும் என்று தெரிந்தபின், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஏப்ரல் 3 அன்றும் உலக சுகாதார நிறுவனம் ஜூன் 5 அன்றும் துணி மாஸ்க்கைப் பரிந்துரைத்தன. பின்னது மூன்று அடுக்கு கேட்டது: உள்ளே ஈரம் உறிஞ்சும் பருத்தி, நடுவில் நெய்யாத பாலிபுரோப்பிலீன், வெளியே ஈரம் ஒட்டாத பாலியெஸ்டர் கலப்பு. துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மூக்கின் இரு பக்கமும் இடைவெளி இருந்தால் மூச்சு அந்த வழியாகத்தான் போகும். வால்வு வைத்தது உங்கள் மூச்சை வடிகட்டாமல் வெளியே விடும், எனவே அடுத்தவருக்கு அதனால் பயனில்லை.

இதே காலத்தில்தான் "ஆதாரம் இல்லை" என்ற சொல் படாதபாடு படுத்தியது. ஆய்வாளர் அதைச் சொன்னால் "இன்னும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை" என்றும் இருக்கலாம், "சோதித்தோம், பலன் இல்லை" என்றும் இருக்கலாம். தலைப்புச் செய்தியில் இரண்டும் ஒன்றாகிவிடும். அந்தச் சொல்லைப் பார்த்ததும், யாராவது சோதித்தார்களா என்று கேளுங்கள்.

பொருள்களைத் துடைத்துத் துடைத்து ஓய்ந்ததற்குக் காரணம் மார்ச் நடுவில் வந்த ஓர் ஆய்வு. பிளாஸ்டிக்கிலும் எவர்சில்வரிலும் 72 மணி நேரம், அட்டையில் 24 மணி நேரம், செம்பில் 4 மணி நேரம் வரை கிருமியைக் கண்டார்கள். எல்லாரும் பிடித்துக்கொண்டது 72-ஐ. அதே ஆய்வில் பிளாஸ்டிக் மேல் கிருமியின் அளவு சுமார் 7 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்தது என்றும் இருந்தது. 72 மணி நேரத்தில் பத்து முறை பாதியானால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம். கடைசி வரை இருந்தது ஒரு தடயம் மட்டுமே. அது தொற்றுமளவு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இதற்கிடையில் காற்று கவனத்திலிருந்து நழுவியது. அமெரிக்காவின் ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் மார்ச் 10 அன்று இரண்டரை மணி நேரம் மூடிய கூடத்தில் பாடிப் பழகிய 61 பேரில் 53 பேர் நோயுற்றார்கள் (33 பேருக்குப் பரிசோதனையில் உறுதி, மற்றவர்களுக்கு அறிகுறியை வைத்து). கதவுக் கைப்பிடியைவிடச் சன்னலுக்குத்தான் அதிகக் கவனம் தேவைப்பட்டது.

சானிட்டைசர் வீட்டில் செய்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்கினார்கள். இரண்டு பங்கு ஆல்கஹால், ஒரு பங்கு கற்றாழைக் கூழ் என்ற செய்முறை வாட்ஸ்அப்பில் சுற்றியது. அது 99 சதவீத ஆல்கஹாலுக்கான கணக்கு. கையில் கிடைத்த 70 சதவீதத்தை ஊற்றினால் முடிவில் 47 சதவீதம்கூட வராது. குறைந்தது 60 வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு 10 லிட்டருக்கு: 96 சதவீத எத்தனால் 8,333 மில்லி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மில்லி, 98 சதவீத கிளிசரால் 145 மில்லி, மீதி காய்ச்சி ஆறிய நீர். கலந்தபின் 72 மணி நேரம் மூடி வைக்க வேண்டும். பாட்டிலிலும் கரைசலிலும் இருக்கக்கூடிய பாக்டீரிய வித்துகளை அழிக்கவே பெராக்சைடும் அந்தக் காத்திருப்பும். 100 சதவீத ஆல்கஹால் இன்னும் நல்லது என்பதும் தப்பு: நீர் இல்லாவிட்டால் கிருமியின் புரதத்தைச் சரியாகச் சிதைக்காது, நொடியில் ஆவியாகியும் விடும். மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் எந்த அளவிலும் கூடாது. சோப்பும் தண்ணீரும் இருந்தால் 20 நொடி தேய்த்தால் போதும், இந்த வேலை எதுவும் வேண்டாம்.

கடைசியாகப் பரிசோதனை. தொற்றியவரைச் சந்தித்த மறுநாளே பிசிஆர் (மூக்கு, தொண்டை மாதிரியில் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) எடுத்து "நெகட்டிவ்" என்று நிம்மதி அடைந்தவர்கள் ஏராளம். 2020 மே மாதத்தில் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, தொற்றிய முதல் நாளில் பரிசோதனை அத்தனை பேரையும் தவறவிடும்; நான்காம் நாளில் 67 சதவீதம்; அறிகுறி தொடங்கும் நாளில் 38; அதற்கு மூன்று நாள் கழித்து 20. அதற்கு மேல் குறையவில்லை. தனிமைப்படுத்தலுக்கு 14 நாள் வைத்ததும் இதே போன்ற கணக்கில்தான்: அறிகுறி வரப்போகிறவர்களில் 97.5 சதவீதம் பேருக்கு அது பதினொன்றரை நாளுக்குள் வந்துவிடும். நெகட்டிவ் சீட்டு அந்த நாள்களைக் குறைக்காது.

ஆன்டிபாடி கிட், அதாவது நோய் வந்து போனதா என்று இரத்தத்திலுள்ள எதிர்ப்புப் புரதத்தை வைத்துப் பார்க்கும் சோதனை, அதில் சிக்கல் தலைகீழ். நோய் வந்து போன நூறு பேரில் 90 பேரைக் கண்டுபிடிக்கும், நோய் வராத நூறு பேரில் 95 பேரைச் சரியாக விடும் ஒரு கிட் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 10,000 பேர் உள்ள ஊரில் 1 சதவீதம் பேருக்கு மட்டும் நோய் வந்து போயிருந்தால், 100 பேரில் 90 பேர் பாசிட்டிவ். நோயே வராத 9,900 பேரில் 5 சதவீதம், அதாவது 495 பேரும் பாசிட்டிவ். மொத்தம் 585 சீட்டுகளில் 90 மட்டும் நிஜம், ஆறில் ஒன்றுகூடச் சரியாக வராது. அதே கிட்டை 30 சதவீதம் பேருக்கு வந்து போன ஊரில் பயன்படுத்தினால் 3,050 பாசிட்டிவ்களில் 2,700 நிஜம். கிட் மாறவில்லை, ஊர்தான் மாறியது. "எனக்கு ஏற்கெனவே வந்து போய்விட்டது, இனி பயமில்லை" என்று சான்றிதழ் கொடுக்கும் யோசனையை உலக சுகாதார நிறுவனம் ஏப்ரல் 24 அன்று ஏற்கவில்லை. மீண்டவர்களுக்கு மறுபடி தொற்றாது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. செய்திகள் அதை "எதிர்ப்புச் சக்தியே வராது" என்று ஆக்கிவிட, மறுநாளே விளக்கம் தர வேண்டி வந்தது: பெரும்பாலானவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு கிடைக்கும் என்றே எதிர்பார்க்கிறோம், எவ்வளவு, எத்தனை காலம் என்பதுதான் தெரியவில்லை என்று.