ஏசி வாங்கும் முன் கூரையைப் பாருங்கள்: கேள்வி பதில்

கேள்வி: மேல்மாடியில் இருக்கிறோம். பொழுது சாய்ந்த பிறகும் படுக்கையறை அனலாகக் கொதிக்கிறது, ஏன் சார்?

ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டூல் மேல் ஏறி உட்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், காரணம் கையிலேயே தெரியும். பகல் முழுக்கக் குடித்த வெயிலை காங்கிரீட் அப்போதும் உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். அதனால் முதல் வேலை மொட்டை மாடிதான். புதிதாக அடித்த சுண்ணாம்பு வெயிலில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும், வெறும் காங்கிரீட் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பினாலே பெரிது. அழுக்கு படிந்தால் பலன் குறையும், வருஷா வருஷம் அடியுங்கள். தளத்துக்கு மேலே கொஞ்சம் உயர்த்தி மூங்கில் தட்டி போட்டு, நடுவில் காற்று ஓட விட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: மேற்குப் பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல். தடித்த திரை போட்டும் பயனில்லையே?

திரை வரைக்கும் வந்த வெயில் வீட்டுக்குள் வந்த வெயில்தானே! அதைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். மாலை வெயில் தாழ்ந்து நேராக வருவதால் சன்ஷேடுக்கும் அடங்காது. வெளியே தொங்கும் தட்டி, ஓட்டைகள் விட்டுக் கட்டிய ஜாலி சுவர், ஒரு மரம், எதுவானாலும் சரி.

கேள்வி: மண் சுவரைத் தடிமனாகக் கட்டினால் போதுமா?

உங்கள் ஊர் ராத்திரியைப் பொறுத்தது. பகலில் சுட்டு இரவில் குளிரும் வறண்ட நிலத்தில் கனத்த சுவர் அருமையாக வேலை செய்யும். எகிப்தில் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி 1940களில் புதிய குர்னா கிராமத்தைச் சுடாத மண் கல்லால் எழுப்பினார். கடலோரப் புழுக்கத்தில் இரவும் ஆறாதே, அங்கே அதே சுவர் சேர்த்த சூட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும். அகலமான தாழ்வாரமும் எதிரெதிர் ஜன்னல்களும்தான் அங்கே கைகொடுக்கும். செங்கல்லில் கட்டுவதாக இருந்தால் கேரளத்தில் சிக்கன வீடுகள் கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய ‘எலிப்பொறிக் கட்டு’ முறையைக் கேளுங்கள்: கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் பொந்து விடுவதால் வெப்பம் கடப்பது குறையும், செங்கல்லும் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம்.

கேள்வி: சின்ன மனை. முற்றத்துக்கு இடமில்லை.

படிக்கட்டுக் கூடத்தையே முற்றமாக்கலாம். உச்சியில் மழை புகாத, சாய்ந்த பட்டைகள் வைத்த லூவர் திறப்பு, கீழே ஜன்னல். சூடான காற்று மேலேறி வெளியேற, கீழிருந்து குளிர்ந்தது உள்ளே வரும். ஆனால் நேரம் முக்கியம். இரவில் திறந்து வையுங்கள், காலையில் வெளியே சூடேறும் முன் மூடிவிடுங்கள். காற்று வரட்டும் என்று நடுப்பகலில் எல்லாவற்றையும் திறந்து போட்டு அனலை உள்ளே அழைக்கிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

கேள்வி: அப்புறம் ஏசியே வேண்டாமா?

புழுக்கமான சில வாரங்களுக்கு வேண்டியிருக்கலாம். கூரையையும் மேற்கையும் சரிசெய்த பிறகு வாங்குங்கள், சின்னதே போதும்.