பழைய காரில் வேக்யூமில் இயங்கும் ஹெட்லைட், ஹீட்டர், லாக் மக்கர் செய்தால் எங்கிருந்து தேடுவது?

இடது ஹெட்லைட் முழுதாக எழும்பாமல் பாதியில் நின்றுவிடுகிறது, ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஹீட்டர் காற்று தானாகவே முன் கண்ணாடிப் பக்கம் திரும்பிவிடுகிறது, புது ஆக்சுவேட்டர் (வேக்யூமின் இழுப்பால் விளக்கை ஏற்றி இறக்கும் உறுப்பு) போட்டால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். வேக்யூம் (எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிட இழுப்பு) சமாச்சாரத்தில் எது அசையவில்லையோ அதுதான் கெட்டிருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. ஓட்டை ஓரிடத்தில் இருக்கும், அறிகுறி வேறிடத்தில் தெரியும்.

நீங்கள் சொன்ன இரண்டாவது அறிகுறிதான் முக்கியமான துப்பு. பெட்ரோல் எஞ்சின் ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் சும்மா ஓடும்போது) திராட்டில், அதாவது காற்று நுழையும் வழியில் உள்ள தகடு, மூடியிருப்பதால் இன்டேக் மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதியில்) உறிஞ்சும் விசை அதிகம். ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினால் அது ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் சமாளிப்பதற்குத்தான் ஒரு சேமிப்பு டேங்கும், உள்ளே இருக்கும் வேக்யூம் திரும்பி ஓடாமல் தடுக்கும் செக் வால்வும் வைத்திருக்கிறார்கள். பல கார்களில் வேக்யூம் இல்லாமல் போனால் காற்று முன் கண்ணாடிப் பக்கம் போகும்படிதான் அமைத்திருப்பார்கள், பார்வை மறையக்கூடாது என்பதற்காக. ஆக, ஏற்றத்தில் காற்று திசை மாறுகிறது என்றால் டேங்க் பக்கம் கசிகிறது, அல்லது செக் வால்வு பிடிக்கவில்லை. ஹெட்லைட்டுக்கும் ஹீட்டருக்கும் பொதுவான இடத்தை முதலில் சந்தேகப்படுங்கள். (பழைய வேக்யூம் வைப்பர் ஏற்றத்தில் மெதுவாவது வேறு கதை. அதன் இயல்பே அதுதான். அதற்காகவே சில கார்களில் பெட்ரோல் பம்ப்பிலேயே இன்னொரு டயஃப்ரம் (வளையும் ரப்பர் சவ்வு) வைத்து வேக்யூமுக்குத் துணை கொடுத்தார்கள்.)

இரண்டு கருவிகள் போதும்: வேக்யூமை அளக்கும் முள் வைத்த ஒரு வேக்யூம் கேஜ், கேஜ் பொருத்திய ஒரு கை பம்ப். எஞ்சின் நன்றாகச் சூடானதும் கேஜை நேராக மேனிஃபோல்டில் மாட்டுங்கள். கடல் மட்டத்தில், நல்ல நிலையில் உள்ள சாதாரண எஞ்சின் ஐட்லிங்கில் சுமார் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்டும், முள் ஆடாமல் நிற்கும். உயரமான ஊராக இருந்தால் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ளுங்கள். இங்கேயே குறைவாகக் காட்டினால் துணைச் சாமான்களுக்குப் போகும் பிரதான ஹோஸை மட்டும் கழற்றி, மேனிஃபோல்டு பக்கத்தை அடைத்துப் பாருங்கள். முள் ஏறி ஐட்லிங் சீரானால் கசிவு அந்தப் பக்கம்தான். ஏறவில்லை என்றால் பிரச்சினை எஞ்சினில்: இக்னிஷன் டைமிங், கார்புரேட்டர் அடி கேஸ்கெட், வால்வு என்று பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் ஹெட்லைட்டில் கைவைத்துப் பயனில்லை.

மேனிஃபோல்டில் நன்றாக இருந்தால், எஞ்சினை அணைத்துவிட்டுக் கை பம்ப்பைச் செக் வால்வுக்கு அப்பால், டேங்க் பக்கம் மாட்டி 15 அங்குலம் வரை இழுங்கள். முள் இறங்குகிறதா என்று பாருங்கள். எஞ்சின் சத்தம் இல்லாததால் இப்போது காதும் உதவும். ஒரு நீளமான ரப்பர் டியூபின் ஒரு நுனியைக் காதில் வைத்து மறு நுனியை இணைப்புகள் மேல் நகர்த்தினால் 'ஸ்ஸ்' என்று கேட்கும் இடம் தெரிந்துவிடும். கேட்கவில்லை என்றால் ஒவ்வொரு கிளையாகக் கழற்றி அடைத்துப் பாருங்கள். எந்தக் கிளையை அடைத்ததும் முள் நிற்கிறதோ, அதற்குள் தேடினால் போதும். சூடான எஞ்சின் மேல் கார்புரேட்டர் கிளீனர் அடித்துத் தேடுவதை நான் சொல்ல மாட்டேன், தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

பெரும்பாலும் கசிவது ரப்பர் முழங்கை இணைப்புகள்தான். மேலே பார்த்தால் புதிது போல இருக்கும். லேசாக மடக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள், மெல்லிய கோடு கோடாக வெடிப்பு வாய் திறக்கும். ஹோஸின் நுனி மட்டும் தளர்ந்திருந்தால், நீளம் இருக்கும்பட்சத்தில் அரை அங்குலம் நறுக்கிவிட்டு மறுபடி மாட்டினாலே கெட்டியாகப் பிடிக்கும். மாற்றுவதாக இருந்தால் வேக்யூமுக்கென்றே விற்கும் தடித்த ஹோஸ் வாங்குங்கள். மெல்லிய ஹோஸ் உறிஞ்சும்போது உள்ளே ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும்.

அப்புறம்தான் ஆக்சுவேட்டர். 1968 முதல் 1982 வரை வந்த கார்வெட் போன்ற கார்களில் இதற்கு இரண்டு வாய் இருக்கும், ஒன்று ஏற்ற, ஒன்று இறக்க. ஒன்றில் பம்ப் வைக்கும்போது மற்றதைத் திறந்து விடுங்கள். இரண்டிலும் பிடிக்கவில்லை என்றால் உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். தண்டு வெளியே வரும் பக்கத்து அறை மட்டும் பிடிக்கவில்லை என்றால் தண்டைச் சுற்றியுள்ள சீல் போயிருக்கும். இரண்டும் பிடித்தும் விளக்கு பாதியில் நின்றால் கீல்கள் இறுகியிருக்கின்றன, சுத்தம் செய்து கிரீஸ் வையுங்கள். சோதிக்கும்போது விரல்களை அருகில் வைக்காதீர்கள், சட்டென்று எழும்பும்.

இதைப் படிக்கும் மெர்சிடிஸ் டபிள்யூ123 டீசல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த டீசலில் வேக்யூமுக்குத் தனிப் பம்ப் இருக்கிறது, சாவியைத் திருப்பினால் எஞ்சினை அணைப்பதும் வேக்யூம்தான். சாவியை எடுத்தும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால் கதவு லாக்குக்குப் போகும் கிளையை அடைத்துப் பாருங்கள். உடனே அணைந்தால் ஓட்டை கதவுகளில்தான்.

எந்தக் காராக இருந்தாலும், வேக்யூமின் உதவியால் பிரேக்கை லேசாக்கும் பிரேக் பூஸ்டரை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எஞ்சின் அணைந்த நிலையில் பெடலைப் பல தடவை அழுத்தி, அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை, அல்லது அழுத்தும்போது காற்று உறிஞ்சும் சத்தம் விடாமல் கேட்கிறது என்றால், ஹெட்லைட் வேலையை நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்யும் வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

உங்கள் வண்டியில் செக் வால்வைத்தான் முதலில் கழற்றுவேன். வாயால் ஊதியே சோதிக்கலாம்: ஒரு பக்கம் காற்று போக வேண்டும், மறுபக்கம் துளியும் போகக்கூடாது.