சென்னை–லண்டன்: கணக்குப்படி 9 மணி நேரம், டிக்கெட்டில் ஏன் 11?

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக நானும் என் மனைவியும் லண்டன் போகிறோம். சென்னையிலிருந்து 8,200 கி.மீ., விமான வேகம் மணிக்கு 900 கி.மீ. என்கிறார்கள். வகுத்தால் 9 மணி நேரம்தான் வருகிறது. நேரடி விமான டிக்கெட்டில் போக 11, வர 10 என்றிருக்கிறது. எது சரி? 15ஆம் தேதி காலை 5.30 விமானத்துக்கு வீட்டிலிருந்து எப்போது கிளம்புவது? – குடியாத்தம் வாசகர்

டிக்கெட்டை நம்புங்கள். உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் வருகிற மிகக் குறைந்த தூரம்தான் அந்த 8,200. விமானம் அந்தக் கோட்டிலேயே போகாது. வான்வழித் தடங்கள் வளைந்துதான் போகும். போர், மூடிய வான்வெளி என்றால் இன்னும் சுற்றும். டிக்கெட் நேரமும் பறக்கிற நேரம் மட்டுமல்ல. இங்கே நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்பது வரை எல்லாம் சேர்ந்தது. ஹீத்ரோவில் இறங்க முறை வரும்வரை வானத்தில் வட்டமடிப்பதும் உண்டு.

போக வர வித்தியாசத்துக்குக் காரணம் காற்று. 10, 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே 'ஜெட் ஸ்ட்ரீம்' என்னும் வேகக்காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் இது வலுக்கும். வழி நெடுக சராசரியாக 45 கி.மீ. எதிர்க்காற்று என்று வையுங்கள். 900 என்பது 855 ஆகிவிடும், 9 மணி 35 நிமிடம். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும்: 945, 8 மணி 41 நிமிடம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் இதிலேயே போய்விடுகிறது. மிச்சம் சுற்றுவழிக்கும் தரையில் ஊர்வதற்கும்.

தோராயமாகக் கணக்கிட, தூரத்தை 850ஆல் வகுத்து முக்கால் மணி நேரம் கூட்டுங்கள். சிங்கப்பூரும் துபாயும் சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,900 கி.மீ.; இரண்டுக்கும் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். லண்டனுக்குப் பத்தரை.

டிக்கெட்டில் இறங்கும் நேரம் அந்த ஊர்க் கடிகாரப்படி இருக்கும். லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை. இதைக் கவனிக்காமல் கழித்தால் ஒரு மணி நேரம் பிசகும்.

இனி வீட்டுக் கணக்கு. வேலூரிலிருந்து மீனம்பாக்கம் சுமார் 130 கி.மீ.; குடியாத்தத்திலிருந்து காரில் நாலு மணி நேரம் ஒதுக்குங்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் லாரி நெரிசலில் மாட்டினால்தான் அதன் அருமை தெரியும். பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். பெட்டி போடும் கவுன்டரை வழக்கமாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். ஆக 2.30க்கு விமான நிலையம், 10.30க்குக் கார். காட்பாடியில் ரயிலேறி சென்ட்ரலில் மெட்ரோ பிடிப்பது பகல் விமானத்துக்குச் சரி. இதற்கு வேண்டாம், மெட்ரோ இரவு 11 மணியோடு நின்றுவிடும், காலை 5 மணிக்குத்தான் தொடங்கும்.

அந்த 10.30, 14ஆம் தேதி இரவு. தேதி மாறிப்போய் விமானத்தைத் தவறவிடுகிறவர்கள் நிறைய. கார் சொல்லும்போது '14 ராத்திரி' என்றே சொல்லுங்கள்.