பாண்ட்ஸுக்கு ஏன் இடமில்லை?

கேள்வி: 762 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்த அமெரிக்க பேஸ்பால் வீரர் பேரி பாண்ட்ஸுக்கே, சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் இடமில்லையாமே, இது நியாயமா?

பதில்: நியாயமே இல்லை. ஊக்கமருந்து சர்ச்சைதான் காரணம். உள்ளே போக, பேஸ்பால் பற்றி எழுதும் பத்திரிகையாளர்களின் வாக்கில் 75 சதவீதம் வேண்டும். அந்த வாக்கெடுப்பில் கடைசி வாய்ப்பான 2022-இல் அவருக்குக் கிடைத்தது 66 சதவீதம். 1998 மே மாதம் அரிசோனா அணியுடன் நடந்த ஆட்டத்தைப் பாருங்கள்: கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், மூன்று பேஸிலும் ஆட்கள், அரிசோனா 8-6 என முன்னிலை, அப்படியும் இவரை அடிக்க விடுவதைவிட ஒரு ரன்னைத் தூக்கிக் கொடுப்பதே மேல் என்று வேண்டுமென்றே அடிக்க முடியாத பந்துகளாக வீசி முதல் பேஸுக்கு அனுப்பிவிட்டார்கள் (மூன்று பேஸிலும் ஆள் இருந்ததால் எல்லோரும் ஒரு பேஸ் நகர, ஒரு ரன் தானாகக் கிடைத்துவிடும்). எதிரணி அவ்வளவு பயந்த ஆள்! அப்புறம், அந்த ஊக்கமருந்துக் காலத்தில் கமிஷனராக, அதாவது பேஸ்பால் லீகின் தலைவராக இருந்த பட் செலிக் மட்டும் 2017-இலேயே உள்ளே போய்விட்டாரே? ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைக்காத இன்னொரு பெரிய வீரரான பீட் ரோஸ் விஷயம் வேறு. சொந்த அணியின் ஆட்டத்திலேயே பந்தயம் கட்டியவர், அதை என்னால் ஏற்க முடியவில்லை.