போனில் வரும் உத்தரவு

கேள்வி: டிவியைப் போட்டால் பொய்யும் கூச்சலும்தான். கேட்டால் பத்திரிகை சுதந்திரம் என்கிறார்கள். அரசாங்கம் நாலு சேனலின் லைசென்ஸைப் பிடுங்கினால் அடங்க மாட்டார்களா?
— ஈரோடு வாசகர்

பதில்: அடங்குவார்கள். பொய் சொல்கிறவன் மட்டுமல்ல, காலிங்கராயன் வாய்க்காலில் சாயத்தண்ணீர் வருகிறது என்று காட்டுகிறவனும் சேர்ந்து அடங்குவான்.

டிவிக்கு லைசென்ஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. இத்தனை பக்கத்துக்கு இத்தனை விலை என்று பத்திரிகைகளுக்கு அரசு போட்ட உத்தரவை 1961-லேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. டிவி ஓடும் அலைவரிசையின் கதை வேறு. அது பொதுச் சொத்து, அளவோடுதான் இருக்கிறது, ஒழுங்குபடுத்தலாம் என்று 1995-இல் அதே நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தப் பொறுப்பு அரசின் கையில் இல்லாமல் தன்னாட்சி அமைப்பிடம் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்தப் பாதியை டெல்லி வசதியாக மறந்துவிட்டது.

கேபிள் சட்டப்படி, ஒரு நிகழ்ச்சியை நிறுத்தக் கலெக்டரே உத்தரவு போடலாம். போடட்டும். காகிதத்தில் வந்தால் கோர்ட்டுக்குப் போகலாம். நடப்பது என்ன? ஒருநாள் சாயங்காலம் எங்கள் தெருவில் ஒரு செய்தி சேனல் மட்டும் காணோம். பக்கத்து சேனலில் சீரியல் பளிச்சென்று ஓடுகிறது. கேபிள்காரத் தம்பி, "சிக்னல் கோளாறுங்ண்ணா" என்றார். மறுநாள் டீக்கடையில் குரலைத் தாழ்த்தி, "மேலிருந்து போன் வந்துச்சுங்ண்ணா. எழுதிக் கொடுங்கன்னு நான் கேட்க முடியுங்களா?" என்றார். போனை எதிர்த்து எந்தக் கோர்ட்டில் ரிட் போடுவது?

மலையாளத்தின் மீடியா ஒன் சேனலுக்குப் பாதுகாப்புக் காரணம் என்று லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தார்கள். என்ன காரணம் என்பதைச் சேனலுக்கே சொல்லவில்லை, மூடிய உறையில் நீதிபதிகளிடம் நீட்டினார்கள். 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் சேனலை மீட்டுக் கொடுத்தது.

உங்கள் ஊரிலிருந்து வந்த 'குடி அரசு' தலையங்கம் ஒன்றுக்காக 1933-இல் வழக்குப் போட்டு, பெரியாரையும் அவர் தங்கை கண்ணம்மாளையும் ஜெயிலுக்கு அனுப்பினார்கள். அநியாயம்தான். ஆனாலும் எந்தத் தலையங்கம், எந்தச் சட்டம் என்று அந்த வெள்ளைக்காரன்கூட எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே தள்ளினான்.

பொய்ச் செய்திக்கு அவதூறு வழக்கு இருக்கிறது. இழுக்கும், தெரியும். அப்புறம், உங்கள் கையில் ரிமோட்டும் இருக்கிறதுங்களே!